பீஸ் நிற்கக் கூடாது

அமிர்தி விலங்குப் பூங்காவில் ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் ஒரு பலகை இருக்கும். உள்ளே இருப்பதன் பெயர் என்ன, எதைத் தின்னும், எங்கே வாழும் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். இன்றைக்கு உங்களுக்குக் காட்டப்போகிற இனத்துக்குக் கூண்டும் கிடையாது, பலகையும் கிடையாது. வெளியே நின்று பலகையைப் படிக்கிற இனம் அது. தான் உண்டு தன் படிப்பு உண்டு என்று படித்துவிட்டுப் போனால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு குழந்தை எழுத்தெழுத்தாகத் தொட்டு, உதட்டைக் குவித்து, மூக்கை உறிஞ்சி, பாதிச் சொல்லைக் கரையேற்றிக்கொண்டிருக்கும்போது, மீதிச் சொல்லைத் தானே தூக்கிப் போட்டுவிட்டு, ஏதோ தர்மம் செய்தவரைப் போல முகத்தை வைத்துக்கொள்ளும். இந்த இனத்துக்கு 'எடுத்துக் கொடுப்பவர்' என்று பெயர்.

சிலர் இவர்களை முந்திரிக்கொட்டை என்பார்கள். அது முந்திரிக்கொட்டைக்குச் செய்கிற அநியாயம். அது தன் பழத்தில்தான் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடுத்த பழத்தில் போய் எட்டிப் பார்ப்பதில்லை.

டீக்கடையில் நீங்கள் "ஒரு..." என்று இழுத்தால் போதும், "டீ!" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவார். நீங்கள் கேட்க வந்தது ஒரு தீப்பெட்டியாக இருக்கும். என்ன செய்வது? குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். சாவு வீட்டிலும் இவருக்கு லீவு கிடையாது. புருஷனைப் பறிகொடுத்த அம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, "கடைசியா என் கையப் புடிச்சி ஒரே ஒரு வார்த்த சொன்னாருப்பா..." என்று ஆரம்பித்தால், "புள்ளைங்கள பாத்துக்கோன்னாரா?" என்பார் நம் ஆள். பாவம், அந்த அம்மாள் உண்மையானவர். "இல்லப்பா, ஃபேன கொஞ்சம் கம்மி பண்ணுன்னாரு" என்றார். கூடியிருந்தவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காரியத்துக்குள் அந்த அம்மாளே எல்லோரிடமும் 'புள்ளைங்கள பாத்துக்கோ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தச் சாவு வீட்டில் எடுத்துக் கொடுத்தவர் பெயர் சூரியபிரகாஷ். இந்த இனத்தில் அவரைவிட நல்ல மாதிரி கிடைப்பது கடினம். வயது முப்பத்தொன்பது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். மனைவி மேகலா, வீட்டிலிருந்தபடி ஷூ மேல்தோலுக்குக் கைத்தையல் போடுகிறவர். ஒரே மகள் மோகனா, மூன்றாம் வகுப்பு.

மேகலாவை ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போனார். "ரெண்டு நாளா எனக்கு காது..." என்று மேகலா வாயைத் திறந்தார். "கேக்கல டாக்டர்" என்று முடித்துவைத்தார் சூரியபிரகாஷ். காதுவலியோடு போன பெண்மணி, காது மெஷினுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். "நான் சொல்றத கேக்காத உங்களுக்குத்தாங்க மெஷின் வேணும்" என்று மட்டும் வழியில் சொன்னார். அதையும் முழுதாகச் சொல்லவிடவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். தையல் பிரிவில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி ஓரம் மடிக்க, அடுத்தவள் பசை தடவ, அதற்கடுத்தவள் தைக்க என்று ஷூவின் மேல்தோல் துண்டு, அவர்கள் பேச்சில் 'பீஸ்', கை மாறிக்கொண்டே போகும். இந்த மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கும். ஒருத்தியின் கையில் ஒரு பீஸ் நின்றால் அவளுக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பீஸும் நிற்கும். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து நிற்பார். "பீஸ் நிக்கக் கூடாது!" இதுதான் சூரியபிரகாஷின் வேதம், புராணம், காலை வணக்கம் எல்லாம். யார் கை தயங்குகிறதோ அவள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். "தள்ளும்மா" என்பார். தானே தைத்து அடுத்த கைக்குத் தள்ளிவிடுவார். லைன் ஓடும்.

பாக்யலட்சுமி என்று ஒரு தொழிலாளி. நாலு வருடமாக அந்த லைனில் இருக்கிறார். நேர்த்தையலை ரயில் தண்டவாளம் மாதிரி போடுவார். ஷூவின் முன்பக்க வளைவு வந்ததும் அவர் கால் மெஷின் மிதியிலிருந்து தானாக எழும்பிவிடும். உடனே சூரியபிரகாஷ் வந்துவிடுவார். நாலு வருடமாக அந்த வளைவைத் தைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான். பாக்யலட்சுமி அந்த நேரத்தில் தண்ணீர் குடிப்பார், முடி ஒதுக்குவார், பக்கத்து மெஷின்காரியிடம் குழம்பு விசாரிப்பார். "நான் இல்லன்னா இந்த லைன் ஒரு மணி நேரம் தாங்காது" என்று சூரியபிரகாஷ் டீ நேரத்தில் பெருமைப்படுவார். உண்மைதான். அவர் இல்லாத ஒரு மணி நேரத்தை அந்த லைன் பார்த்ததே இல்லையே.

லைன் எட்டு மணி நேரம் ஓடி ஓய்ந்த பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் இன்னொரு லைன் தொடங்கும். மோகனா தமிழ்ப் புத்தகத்தோடு வந்து உட்காருவாள். பேச்சில் அவள் சுட்டி. தெருவில் எந்த வீட்டில் என்ன சண்டை என்று சாட்சியோடு சொல்லுவாள். புத்தகத்தைத் திறந்தால்தான் குரல் இறங்கும்.

"மா... ட்..." என்பாள்.

"மாடு!" என்பார் அப்பா.

"மாடு" என்பாள் மகள்.

"வெரி குட்!"

அந்த வெரி குட் யாருக்கு? கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான். அவர் யோசிக்கவில்லை. ஒரு பக்கம் நாலு நிமிடம். நேற்று ஐந்து நிமிடம். உற்பத்தி கூடியிருக்கிறது, வேறென்ன வேண்டும்?

எப்போதாவது அவருக்குள் ஒரு வாத்தியார் விழித்துக்கொள்வதும் உண்டு. "பானா, டானா, இம்மு. இன்னா அது? சேத்து சொல்லு."

"பானாடானாயிம்மு" என்றாள் மோகனா.

நியாயமான பதில்தானே? அவர் கொடுத்ததைத்தான் அவள் சேர்த்தாள். எழுத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு எழுத்தின் சத்தத்தைக் கேட்டால் குழந்தை எங்கே போகும்? "படம்!" என்று வழக்கம்போல எடுத்துக் கொடுத்தார். "படம்" என்றாள். வெரி குட்.

இப்படியே மூன்று வருடம் போயிற்று. அதில் மோகனா ஒரு வித்தையில் தேர்ந்துவிட்டாள். சொல்லின் முதல் எழுத்தைக் கணீரென்று சொல்ல வேண்டியது. இரண்டாவது எழுத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டியது. உடனே கண்ணை அப்பாவின் உதட்டுக்கு உயர்த்த வேண்டியது. மீதி தானாக வந்து விழும். அப்பாவின் வாய்தான் அவளுடைய பாடப்புத்தகம்.

போன காணும் பொங்கலுக்கு மூவரும் அமிர்திக்குப் போனார்கள். மோகனா கூண்டு கூண்டாக நின்று பலகைகளைப் படித்தாள். மான், மயில், முயல், முதலை எல்லாம் தப்பில்லாமல் வந்தன. சூரியபிரகாஷுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் ஒரு கூண்டு. அதில் ஒன்றும் இல்லை, 'நரி' என்று எழுதிய பலகை மட்டும் இருந்தது. மோகனா பலகையைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்து, "காலி" என்று படித்தாள்.

சூரியபிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் லைன் முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். மேகலா சிரிக்கவில்லை. பூங்காவிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் ஒடுகத்தூர் வரைக்கும் அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

அந்த ஆண்டு ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு முனவ்வர் பேகம் டீச்சர் வந்தார். இருபத்திரண்டு வருட அனுபவம். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, அதற்குள் சதுரம் சதுரமாக வெட்டிய தோல் துண்டுகள். கம்பெனி வாசலில் மூட்டை மூட்டையாகக் கழித்துப் போடுகிற துண்டுகளைக் குழந்தைகளையே கொண்டுவரச் சொல்லி வெட்டி வைத்தது. ஆகஸ்டில் ஒருநாள் சூரியபிரகாஷைப் பள்ளிக்கு வரச் சொன்னார்.

"உங்க பொண்ணு படிக்கல சார்" என்றார்.

"இல்லயே டீச்சர், வீட்ல ஒரு பக்கம் நாலு நிமிஷத்துல..."

"அது படிக்கறது இல்ல, பாக்கறது. படத்த பாக்குது, பக்கத்துப் புள்ள வாய பாக்குது, என் வாய பாக்குது. நான் நோட்ட வெச்சி வாய மறச்சிக்கிட்டேன்னா அன்னிக்கு அதுக்கு லீவு."

டீச்சர் மேஜைமேல் மூன்று தோல் துண்டுகளை வரிசையாக வைத்தார். மோகனாவைக் கூப்பிட்டார். "கண்ணு, நான் ஒரு சொல்ல ஒடச்சி ஒடச்சி சொல்றேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்ட தள்ளு. அப்புறம் சேத்து சொல்லு. ப்... ஆ... ல்."

மோகனா விரலால் ஒரு துண்டைத் தள்ளினாள். இன்னொன்றைத் தள்ளினாள். உதடு குவிந்தது. "பா..."

"பால்!" என்றார் சூரியபிரகாஷ்.

டீச்சர் அவரைப் பார்த்தார். "சரி. மொத சத்தத்த எடுத்துட்டு அங்க க் போடு. இப்ப இன்னா ஆச்சு?"

"கால்!"

"சபாஷ். உங்கள நாலாவதுக்கு அனுப்பிடறேன் சார். இப்ப பொண்ணுகிட்ட கேக்கலாமா?"

சூரியபிரகாஷ் அசடு வழிந்தார். ஆனாலும் மனதுக்குள் ஒரு கேள்வி இருந்தது. "டீச்சர், இது விளையாட்டு மாதிரி இருக்குதே. எழுத்து எங்க, படிப்பு எங்க?"

"எழுத்து அப்புறம் சார், மொதல்ல காது. ஒரு சொல்லுக்குள்ள எத்தன சத்தம் இருக்குது, எது மொதல்ல வருது, எது கடைசில வருதுன்னு காதுக்கு தெரியணும். அது தெரியாத புள்ளைக்கு எழுத்து வெறும் கோடு. ரெண்டு மாசமா இத ஒவ்வொரு சத்தமா காதுல ஏத்திக்கிட்டு வர்றேன். இப்பதான் சேக்க ஆரம்பிச்சிருக்குது. சேக்கறதுக்கு அதுக்கு பத்து எண்ணற நேரம் ஆகுது. அந்த பத்துதான் சார் படிப்பு. அத நீங்க தெனம் புடுங்கிக்கிறீங்க."

சூரியபிரகாஷ் வாயைத் திறந்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஓட்டலாம். அப்புறம் புத்தகத்துல படம் கம்மி ஆயிடும், எழுத்து ஜாஸ்தி ஆயிடும். அப்ப இது யார் வாய பாக்கும்? பேஜாராயி, 'எனக்கு படிப்பு வரல'ன்னு அதுவே ஒரு முடிவுக்கு வந்துடும். அப்படி முடிவு பண்ணவங்க உங்க லைன்ல எத்தன பேர் ஒக்காந்திருக்காங்கன்னு ஒருநாள் எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாக்யலட்சுமிக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பதே அவர்தான். கீழே கையெழுத்துப் போடும்போது அந்த அம்மாள் காகிதத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைத்தான் பார்ப்பார், 'இங்கதானே சார்?' என்கிற மாதிரி. அந்தப் பார்வையும் மோகனாவின் பார்வையும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அவர் பயந்துவிட்டார்.

"டிசம்பர்ல வாசிப்பு நாள் வெச்சிருக்கேன்" என்றார் டீச்சர். "பெட்டியிலேர்ந்து ஒரு சீட்டு எடுக்கணும். அது வரைக்கும் பாக்காத வாக்கியம், படமும் இருக்காது. மேடையில நின்னு படிக்கணும். அது வரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம். இது திக்கினா பத்து எண்ணுங்க, போதும்."

பத்து எண்ணுவது! இதைவிட எளிய வேலை உலகத்தில் உண்டா? அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். மோகனா "யா..." என்று நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று வரை எண்ணினார். நாலில் அவருக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. கேட்கிறவர்களுக்கு 'யானை' என்று தெளிவாகக் கேட்கிற இருமல். "இருமாதீங்க" என்றார் மேகலா. மறுநாள் இருமவில்லை, கையை மூக்குக்கு நேராக நீட்டித் தும்பிக்கை போல ஆட்டினார். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் மேகலா. கட்டிக்கொண்டார். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. பசை தடவுகிற பிரிவிலிருந்து மாஸ்க் ஒன்று கொண்டுவரச் சொல்லி மேகலா மாட்டிவிட்டார். மாஸ்க்குக்கு மேலே புருவம் இருக்கிறதே! நெடிலுக்கு ஏறி, குறிலுக்கு இறங்கி, அந்தப் புருவங்கள் நாட்டியமே ஆடின. கடைசியில் மேகலா எழுந்து போய் ஹெல்மெட்டை எடுத்துவந்து அவர் தலையில் கவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குப் பால் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வண்டி ஓட்டப் போகிறவரைத் தடுக்க வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சூரியபிரகாஷ் பார்த்தார். மோகனா இரண்டு மூன்று முறை கண்ணை உயர்த்தி அவரைத் தேடினாள். கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் போலிருந்தது. பிறகு மெல்லக் குனிந்து தோல் துண்டுகளைத் தள்ள ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. அவர் ஐந்து எண்ணினார். ஆறு எண்ணினார். கண்ணாடியைப் படாரென்று தூக்கி, "கோழி!" என்றார்.

மேகலாவுக்கு அன்றைக்கு ஒரு உண்மை விளங்கியது. இந்த மனிதரை மூடிவைக்க முடியாது, வெளியேற்றத்தான் முடியும். மறுநாள் ஏழு மணி அடித்ததும், "ஏங்க, உப்பு இல்ல" என்றார். அதற்கடுத்த நாளும் உப்பு இல்லை. நவம்பர் முடிவதற்குள், தெருவுக்கெல்லாம் கொடுத்தது போக, அந்த வீட்டில் பதினோரு பாக்கெட் உப்பு சேர்ந்திருந்தது. அவர் கடைக்குப் போய் வருகிற அரை மணி நேரமும் மேகலா தோலும் ஊசியுமாக மகளின் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார், வாயைத் திறக்க மாட்டார். மோகனா சேர்ப்பாள், பிரிப்பாள், மறுபடி சேர்ப்பாள். ஒரு சொல்லுக்குச் சில நாள் இருபது எண்ணுகிற நேரம்கூட ஆகும். மேகலாவுக்கு அதனால் ஒரு தையலும் கெடவில்லை.

வாசிப்பு நாள் வந்தது. அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு அப்பாக்களும் அம்மாக்களும் பள்ளியின் பெரிய கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முனவ்வர் பேகம் டீச்சர் மேடையேறி, "ஒரே ஒரு கண்டிஷன். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. புள்ளைங்க எவ்ளோ நேரம் வேணாலும் எடுத்துக்கட்டும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவரவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மோகனா பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள். வலது கையில் சீட்டு. இடது உள்ளங்கையில் தோல் துண்டுகள். சூரியபிரகாஷுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த முறை அவரிடம் புத்தகம் இல்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"கா... ட்... டில்... காட்டில்" என்றாள் மோகனா. ஏழு எண்ணுகிற நேரம் ஆயிற்று. சூரியபிரகாஷ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஒ... ரு. ஒரு."

நல்லது.

"கு... ர..."

நின்றுவிட்டாள்.

வெளியே சத்துணவுக் கூடத்தில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மேகலா கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று. நாலு. சூரியபிரகாஷின் தலைக்குள் நாற்பது மெஷினும் நின்றன. பின்னால் தோல் மலையாகக் குவிந்தது. மேனேஜர் கண்ணாடி அறையில் எழுந்து நின்றார். ஐந்து. ஆறு. ஆறு வரைக்கும் போனார் என்பதை அவருடைய பெருமைக்காக இங்கே பதிவு செய்துவிடுவோம்.

"குரங்கு!"

அவர் மட்டும் இல்லை. இரண்டாவது வரிசையில் ஒரு அம்மா, "குரங்கு, கண்ணு" என்றார். மூலையில் யாரோ ஒரு தாத்தா, "குரங்குடா செல்லம்." வாசலில் நின்ற வாட்ச்மேனும் தன் பங்குக்கு, "குரங்கு!" காட்டில் ஒரு கு, ர என்றால் வேறு என்ன இருக்கப் போகிறது? ஊரே ஒரே குரலாக எடுத்துக் கொடுத்தது. முனவ்வர் பேகம் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

மோகனா தலையை உயர்த்தி அப்பாவைப் பார்த்தாள். மூன்று வருடமாக அவள் படித்துவந்த வாய் அதோ இருந்தது. இவ்வளவு பெரிதாக அது என்றைக்கும் திறந்ததில்லை. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டால் போதும், எல்லோரும் கைதட்டுவார்கள், இறங்கிப் போய்விடலாம்.

அவள் மறுபடியும் குனிந்தாள். கட்டைவிரல் உள்ளங்கையிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளியது.

"இல்ல" என்றாள். "கடைசில 'ல்' இருக்குது. குரங்குல 'ல்' வராது."

இன்னும் நாலு எண்ணுகிற நேரம் போயிற்று.

"கு... ர... ல். குரல்." நிமிர்ந்தாள். முதலிலிருந்து ஒரே மூச்சாகச் சொன்னாள். "காட்டில் ஒரு குரல் கேட்டது."

கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. குரங்கு என்றவர்கள் எல்லோருக்கும் முதலில் தங்கள் வாயை மூட வேண்டியிருந்தது. சூரியபிரகாஷுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. அழுகை முட்டியது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அந்தக் கலைதான் அவருக்குக் கைவந்ததாயிற்றே.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. பைக்கில் முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த மோகனா, "அப்பா, நீ கத்தினப்ப எனக்கு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள்.

'பயமா இருந்துச்சு' என்பது அவருடைய நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. எண்ணினார். பத்து வந்தது. ரயில் வந்தது. பெட்டிகளை எண்ணினார்.

"உன்ன பாத்து பாவமா இருந்துச்சுப்பா" என்றாள் மோகனா. "நீ தப்பா சொன்னது எல்லாருக்கும் கேட்டுடுச்சு இல்ல?"

கேட் திறந்தது. பின்னால் இருந்த லாரிக்காரர் மூன்று முறை ஹாரன் அடித்த பிறகுதான் சூரியபிரகாஷ் வண்டியை எடுத்தார். எடுத்துக் கொடுத்திருந்தால் இந்த வாக்கியம் அவருக்குக் கிடைத்திருக்காது. இப்படி எத்தனை வாக்கியங்கள் இத்தனை வருடத்தில் போயினவோ என்று வீடு போய்ச் சேரும் வரைக்கும் நினைத்துக்கொண்டே போனார்.

மறுநாள் லைனில் பாக்யலட்சுமியின் கால் வளைவில் வந்து நின்றது. சூரியபிரகாஷ் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். 'தள்ளும்மா' வரவில்லை. பாக்யலட்சுமி திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், ஒடம்பு சரியில்லயா?"

"நீயே தெய்ம்மா. நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, தோலைத் திருப்பி, சல்லென்று வளைவைத் தைத்து அடுத்த கைக்குத் தள்ளினார். ஒரு இழை பிசகவில்லை.

"உனக்கு தெரியுமா இது?" என்றார் சூரியபிரகாஷ்.

"மூணு வருஷமா தெரியும் சார். நீங்க ஆசையா ஓடி வர்றீங்க, நான் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

இத்தோடு அந்த மனிதர் திருந்திவிட்டார் என்று நீங்கள் முடிவு கட்டினால், இந்த இனத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஜனவரியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. முனவ்வர் பேகம் டீச்சர் எழுந்து, "புள்ளைங்க படிக்கும்போது திக்கினா, நாம..." என்று தொடங்கினார்.

"பத்து எண்ணணும்!" என்றார் சூரியபிரகாஷ், முதல் வரிசையிலிருந்து.

"அதத்தான் சார் நான்..."

"குறுக்க பேசக் கூடாது!" என்று அதையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு பின்னால் திரும்பி மற்றப் பெற்றோர்களுக்கு அரை மணி நேரம் மௌனத்தின் பெருமையை விளக்கினார். டீச்சர் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வீட்டில் மட்டும், மோகனாவின் புத்தகத்துக்கு முன்னால் மட்டும், அவர் ஒன்பது வரைக்கும் வந்திருக்கிறார். பத்துக்கு உப்பு வாங்கப் போகிறார். அது போதும். மோகனா இப்போது உப்பு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிக்கிறாள்.

சரி, அவர் கதை போகட்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெண் மேடையில் "காட்டில் ஒரு கு... ர..." என்று நின்றாளே, அப்போது உங்கள் வாய்க்குள் என்ன சொல் வந்து நின்றது? வாட்ச்மேனுக்கு முன்பா, பின்பா? பரவாயில்லை, வெளியே சொல்ல வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லில் நிற்கும். பக்கத்தில் போய் உட்காருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து வருவதற்குள் வாயைத் திறந்துவிட்டீர்களானால், நீங்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதையும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள்.